வேலை இல்லாத நாட்களுக்கு ஓர் இடம்: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம்

சென்னையில் வேலை போய், அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் இருக்கும் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், முதலில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். ரெஸ்யூமே, நேர்காணல் எல்லாம் அதோடு சேர்ந்து நடக்கட்டும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த இடத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எந்தத் தேர்வும் எழுதாத, நாற்பதைத் தாண்டிய ஒருத்திக்கு அது என்ன கொடுத்தது என்று நான் எழுதுகிறேன்.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள். எங்கள் நிறுவனம் அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது பையன் பத்தாம் வகுப்பில் இருந்தான். கூடப் போக வழியில்லை. கணக்கை முடித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுச் செலவை எப்படியோ சமாளித்தோம். காலை ஒன்பது மணியைத்தான் சமாளிக்க முடியவில்லை. பையனும் அவரும் கிளம்பிப் போனதும் வீடு அப்படியே அமைதியாகிவிடும். எதிர் வீட்டு அக்கா, "என்னம்மா, இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று அக்கறையோடுதான் கேட்பார். தினமும் அதற்கு ஒரு பதில் சொல்வது பெரிய வேலையாக இருந்தது.

வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டூர்புரத்தில் இறங்கி நடந்துவிடலாம். நூலகம் காந்தி மண்டபம் சாலையில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. தரைத்தளத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனிப் பகுதி. முதல் தளத்தில் குழந்தைகளுக்கான பகுதி, நடுவில் செயற்கை மரம் ஒன்று. இரண்டாம் தளம் முழுக்கத் தமிழ் நூல்கள். அதற்கு மேலேயும் தளம் தளமாகப் போகிறது. அங்கெல்லாம் நான் அதிகம் போகவில்லை.

நீங்கள் யார், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. காலையில் குளித்துக் கிளம்பி, டிபன் பாக்ஸோடு ஓர் இடத்துக்குப் போய், மற்றவர்களோடு உட்கார்ந்து ஒரு காரியம் செய்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்புவதே உடம்புக்கு ஒரு ஒழுங்கைத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஒழுங்கு வந்த பிறகுதான் எனக்கு யோசிக்கவே முடிந்தது.

முதலில் ஜிஎஸ்டி சட்டத் திருத்தங்களைப் படிக்கத் தரைத்தளத்தில்தான் உட்கார்ந்தேன். பக்கத்து மேசைகளில் ஆறாம் வகுப்பிலிருந்து சமச்சீர் பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, அடிக்கோல் வைத்துக் கோடு போட்டுப் படிக்கும் பிள்ளைகள். ஒரு நாள் வெளியே சாப்பிடும்போது ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, நீங்க குரூப் டூவா?"

"இல்லம்மா. அக்கவுண்ட்ஸ்ல இருந்தேன். இப்ப வேலை இல்லை."

"அப்ப இந்தக் கூட்டுவட்டிக் கணக்கு சொல்லித் தாங்கக்கா. சூத்திரம் மனப்பாடமா இருக்கு, ஆனா புரியலை."

பத்தாயிரம் ரூபாய், 5 சதவீத வட்டி, இரண்டு வருஷம் என்று எடுத்துக்கொண்டேன். தனிவட்டி 1,000. கூட்டுவட்டி 1,025. அந்த 25 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதல் வருஷ வட்டியான 500 இருக்கிறதே, அதற்கு இரண்டாம் வருஷம் கிடைத்த 5 சதவீதம்தான் அது. "அவ்ளோதானா!" என்றாள். மறுநாள் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தாள். எனக்குச் சொல்லிக் கொடுக்க வரும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இரண்டாம் தளத்துக்கு ஒரு மாறுதலுக்காகத்தான் போனேன். கல்வெட்டுகளைப் பற்றிய ஒரு தமிழ்ப் புத்தகம் கையில் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளைப் படிக்கப் படிக்க, இது எங்கள் ஆள் எழுதிய கணக்கு என்று தோன்றியது. நகையை நிறுத்தவர்கள் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடை எழுதுகிறார்கள். அந்த எடையில் அரக்கு, சரடு எல்லாம் சேர்த்தியா இல்லையா என்பதையும் எழுதி வைக்கிறார்கள். மொத்த எடை, நிகர எடை என்று நாங்கள் பில்லில் பிரிப்போமே, அதேதான்.

அதில் ஓர் ஏற்பாட்டை மறக்கவே முடியவில்லை. ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றை ஏற்றுக்கொண்ட இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் தர வேண்டும். கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாது, மூப்பும் அடையாது. ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் காப்பாற்றி, மூலதனத்தில் கை வைக்காமல் வரும்படியில் மட்டும் விளக்கை எரிக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய அந்தக் கணக்கைப் படித்துவிட்டு வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். என் தொழில் ஓர் அலுவலகத்தோடு முடிந்துபோவதில்லை, அது இவ்வளவு நீளமானது என்ற நினைப்பு எனக்குப் பெரிய தெம்பாக இருந்தது.

இந்த நூலகத்தின் மேல் எனக்குத் தனிப் பாசம் வரக் காரணம் இன்னொன்றும் உண்டு. 2010 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்த நாளில், அன்றைய முதல்வர் கருணாநிதி இதைத் திறந்து வைத்தார். அடுத்த வருஷம் ஆட்சி மாறியது. 2011 நவம்பரில், இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. வாசகர்கள் எதிர்த்தார்கள். விஷயம் வழக்காகி, சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குப் பிறகும் பராமரிப்பு தொடர்பாக நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. இந்தக் கட்டடம் நாளைக்கு என்னவாக இருக்கும் என்று நிச்சயமில்லாத அந்தக் காலத்திலும் ஜனங்கள் வந்து உட்கார்ந்து படித்துக்கொண்டேதான் இருந்தார்கள். அவர்களில் பலருக்குத் தங்கள் நாளையும் நிச்சயமில்லாமல்தான் இருந்திருக்கும். அவர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

நிரந்தர வேலை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எங்கள் பகுதியில் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு ஹார்டுவேர் கடைக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் வீட்டுக் கூடத்தில் நான்கைந்து பேருக்குத் திறனறிக் கணக்கு சொல்லித் தருகிறேன். கல்வெட்டு எழுத்துகளை மெல்ல எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். பழைய சம்பளம் வரவில்லை. ஆனால் இதில் ஒன்றைக்கூட நான் பழைய நாற்காலியில் இருந்தபடி தொடங்கியிருக்க மாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்தப் புத்தகப் பகுதியில் இடம் வேண்டுமென்றால் காலையிலேயே போய்விடுங்கள். ஏசி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு சால்வை எடுத்துப் போகலாம். பழைய நூல்கள்தான் வேண்டும் என்றால் எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூலகத்தையும் பாருங்கள். நாள் முழுக்க உட்காருவதற்கு நான் கோட்டூர்புரத்தைத்தான் சொல்வேன். மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்திருக்கிறார்கள். வேலை தேடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், "என்னாச்சு, என்னாச்சு" என்று கேட்பதற்குப் பதில் கையில் ரயில் காசும் சாப்பாடும் கொடுத்து அனுப்பி வையுங்கள்.