ஃப்ரீசிவ்: நகரங்களை ஆளுநரிடம் கொடுத்துப் பார்த்த அனுபவம்

2022 மார்ச் கடைசியில் கரண்ட் வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது நினைவிருக்கும். அந்த நாட்களில்தான், நகரங்களைக் கட்டி வளர்க்கும் ஃப்ரீசிவ் என்ற கணினி விளையாட்டில், என் நகரங்களை ஆளுநரிடம், அதாவது நகரத்து ஆட்களுக்குத் தானாக வேலை பிரித்துக் கொடுக்கும் வசதியிடம், ஒப்படைக்கத் தொடங்கினேன். லப்டொப் பற்றரி இரண்டு மணித்தியாலம் தாங்கும். இருபத்தைந்து நகரம் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் ஒரு சுற்றுக்கே பதினைந்து நிமிடம் ஓடிவிடும். கொக்குவிலில் இருட்டில் இருந்துகொண்டு எட்டுச் சுற்று விளையாடுவதற்குள் திரை அணைந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: 1995இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மூன்று பேர் தொடங்கிய விளையாட்டு இது. இலவசம். பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். இணையம் இல்லாமலே கணினி எதிரிகளோடு விளையாடலாம் என்பதால் அந்த வருடம் எனக்கு அதுதான் துணை.

ஆளுநர் செய்வது ஒரே ஒரு வேலை. நகரத்தின் ஆட்களில் யாரை வயலுக்கு, யாரைக் குன்றுக்கு, யாரைக் கடலுக்கு அனுப்புவது, யாரைக் கேளிக்கையாளராக்கி மற்றவர்களைச் சமாதானப்படுத்துவது என்று தீர்மானிக்கும். என்ன கட்டுவது என்பதை அது தொடாது. அதற்கு வேலைப்பட்டியல் தனியாக இருக்கிறது. உணவு, உற்பத்தி, வணிகம், பொன், சொகுசு, அறிவியல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவுகோல்: செலவு போக மிஞ்சுவது இதற்குக் கீழே போகக்கூடாது என்ற கீழெல்லை ஒன்று, எது எவ்வளவு முக்கியம் என்பது மற்றது. பிடித்த அமைப்புக்குப் பெயர் வைத்துச் சேமித்துவிட்டால் அடுத்த நகரத்துக்கு ஒரு சொடுக்கு போதும்.

கணக்கில் அதை வெல்ல என்னால் முடியவில்லை. வரைபடத்தில் ஒரு புதுக் கட்டத்துக்கு நீர்ப்பாசனம் வந்தால், நான் மூன்று சுற்றுக் கழித்துத்தான் கவனிப்பேன்; அது உடனே ஆளை மாற்றிவிடும். குழப்பம் வரப்போகிற நகரத்தில் சரியாக ஒரு கேளிக்கையாளரை மட்டும் எடுக்கும், இரண்டு பேரை எடுத்து வீணாக்காது. ஒரு சுற்று நான்கு நிமிடத்துக்கு இறங்கியது.

ஆனால் நகரம் எதற்காக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. என் நகரங்களுக்கு ஊர்ப் பெயர்தான் வைப்பேன். காரைநகருக்கு மூன்று பக்கமும் கடல். வணிகத்துக்கு முதலிடம் கொடுத்து விட்டேன். எல்லாரையும் கடலுக்கு இறக்கிவிட்டது. கடல் கட்டத்தில் உணவு உண்டு, வணிகம் உண்டு, உற்பத்தி மட்டும் கிடையாது. பட்டியலில் போட்ட துறைமுகம் எழும்பவே இல்லை. துறைமுகம் வந்தால் ஒவ்வொரு கடல் கட்டத்திலும் உணவு ஒன்று கூடும் என்பது எனக்குத் தெரியும். ஆளுநர் பார்ப்பது இந்தச் சுற்றின் வரவை மட்டும்தான். இதே மாதிரித்தான் எட்டு ஆட்களோடு வளர்ச்சி நின்ற நகரமும். அதற்கு மேலே வளர நீர்க்கால்வாய் வேண்டும். அது இல்லாதபோதும் உணவுக்கு முதலிடம் என்று சொல்லியிருந்தால் ஆளுநர் உணவையே சேர்த்துக்கொண்டிருக்கும். எட்டு வந்தவுடன் நானே உற்பத்திக்கு மாற்றிவிட வேண்டும்.

பெரிய பாடம் பருத்தித்துறையில். சனநாயக ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஓர் அதிசயம் (உலக அதிசயம் மாதிரியான பெரிய கட்டடம்) முடியும் தறுவாயில் இருந்ததால் உற்பத்தியின் கீழெல்லையை அன்றைய வரவுக்கே சரிக்குச் சரியாகப் பூட்டியிருந்தேன். பிறகு அங்கிருந்து இரண்டு போர்க்கப்பலை வெளியே அனுப்பினேன். சனநாயகத்தில் போர்ப்படை வெளியே நின்றால் அதைப் பராமரிக்கும் தாய் நகரத்து ஆட்கள் மனம் கசந்துபோவார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தக் கேளிக்கையாளர் வேண்டும்; ஆளை எடுத்தால் உற்பத்தி கீழெல்லைக்குக் கீழே போகும். இரண்டும் பொருந்தவில்லை. நிபந்தனையை நிறைவேற்ற முடியவில்லை, பொறுப்பைத் திருப்பித் தருகிறேன் என்று செய்திப் பெட்டியில் ஒரே ஒரு வரி வந்தது. மற்றச் செய்திகளோடு அது மேலே உருண்டு போய்விட்டது. அடுத்த சுற்றில் நகரத்தில் குழப்பம், உற்பத்தி நின்றது. சனநாயகத்தில் குழப்பம் நீடித்தால் ஆட்சியே கவிழும். கடைசி நேரத்தில் கண்டுபிடித்தேன்.

அன்றிலிருந்து கீழெல்லையை ஒருபோதும் இறுக்கிப் பூட்டுவதில்லை. உணவுக்கு ஒன்று, உற்பத்திக்குக் கைக்கு வருவதில் பாதி, பொன்னுக்குப் பூச்சியம். மிச்சத்தை முக்கியத்துவ அளவுகோலால்தான் சொல்லுவேன். இதை மானிப்பாயில் இருக்கும் மச்சானுக்குச் சொன்னபோது, "அப்ப ஏன் அந்தக் கீழெல்லை, எல்லாத்தையும் சுழியத்துக்கு விடலாமே?" என்று கேட்டான். விடலாம், ஆனால் உணவுக்கு ஒன்றாவது இல்லாவிட்டால் நகரம் அப்படியே நின்றுவிடும்.

 

இப்போது இருபத்தைந்தில் பதினெட்டு நகரம் ஆளுநரிடம். தலைநகரும், அதிசயம் கட்டுகிற நகரமும், எதிரி எல்லையில் இருப்பவையும் என் கையில். கப்பல் வெளியே போகிற சுற்றில் மட்டும் தாய் நகரத்து ஆளுநரை நிறுத்திவிட்டு நானே ஆட்களை அடுக்குவேன். கப்பல் துறைக்குத் திரும்பிய பிறகு மறுபடியும் ஒப்படைப்பேன்.