டர்பனில் மாமாவுக்குப் படபடப்பு: கேஷுவல்டியிலிருந்து அப்லேஷன் வரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லி இங்கே சிங்கப்பூரில் தோழிகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடற்கரையைப் பற்றியும் விக்டோரியா தெரு மார்க்கெட்டைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் இந்த முறை அதிகம் பார்த்தது ஆஸ்பத்திரியும் மெடிக்கல் எய்டும்தான் (மெடிக்கல் எய்ட் என்பது அங்கே மாதச் சந்தா கட்டிச் சேரும் மருத்துவக் காப்பீடு). வயதான பெரியவர்களை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார், சர்க்கரை இல்லை. போன வருஷமே இரண்டு தடவை திடீர்ப் படபடப்பு வந்து கேஷுவல்டிக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போயிருக்கிறார். இரண்டு தடவையும் சில மணி நேரத்தில் துடிப்பு தானாகச் சரியாகி, "உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். குடும்ப டாக்டரிடம் போகும்போது நாடி ஒழுங்காக இருக்கும். அவரும் டென்ஷனாக இருக்கும் என்று சொல்லிவிடுவார். கதை அதோடு முடிந்துவிடும்.

மூன்றாவது தடவை நான் வீட்டில் இருந்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை. மாமி வாழையிலை போட்டுப் படையல் வைத்து விளக்கேற்றிய நேரம் மாமா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ளே மீன் துள்ளுற மாதிரி இருக்கு" என்றார். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். வேகம் மட்டுமில்லை, இரண்டு துடிப்பு ஒட்டி வருகிறது, ஒன்று விட்டுப் போகிறது, எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. உடனே கிளம்பினோம்.

போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் கேஷுவல்டி. தென்னாப்பிரிக்காவில் நாடு முழுக்கப் பல ஆஸ்பத்திரிகளில் ஒரே மாதிரியான வண்ண முறையில் நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே. ஆரஞ்சு என்றால் 10 நிமிடத்துக்குள். மஞ்சள் ஒரு மணி நேரத்துக்குள். பச்சை என்றால் 4 மணி நேரம் வரை. நாடி, பிரஷர், மூச்சு, காய்ச்சல், நினைவு, நடக்க முடிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். அதோடு சில அறிகுறிகளைச் சொன்னாலே மேல் வண்ணத்துக்கு ஏற்றிவிடுவார்கள். நெஞ்சு வலியும் திடீர் மூச்சுத்திணறலும் அந்தப் பட்டியலில் உண்டு.

நர்ஸ் கேட்டதற்கு மாமா, "கொஞ்சம் படபடப்புதான்" என்றார். நர்ஸ் மஞ்சளை எடுத்தார். மாமி சும்மா இருக்கவில்லை. "காருக்கு நடந்து வரதுக்குள்ளயே மூச்சு வாங்குச்சு, நெஞ்சை அழுத்துதுன்னு வழியெல்லாம் சொன்னாரே!" என்றார். ஆரஞ்சு ஆனது. நம் ஆண்கள், அதிலும் ஆசிரியராக இருந்தவர்கள், வலியைக் குறைத்துச் சொல்வதை மரியாதை என்று நினைக்கிறார்கள். கேஷுவல்டியில் அதைச் செய்யாதீர்கள். கூடப் போகிறவர் ஒருவர் வாய் திறந்து பேசுகிறவராக இருக்க வேண்டும்.

இரவுப் பணியில் இருந்த டாக்டர் ஓர் இளம்பெண். பொறுமையானவர். நாடி 146. இ.சி.ஜி. எடுத்ததும் "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" என்றார். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நோய். அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட இவர்களுக்குச் சுமார் 5 மடங்கு. அதனால் அவர் முதலில் கேட்ட கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" ஆரம்பித்து 48 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், உள்ளே கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் ஷாக் கொடுத்துத் துடிப்பைத் திருப்ப மாட்டார்கள். விளக்கேற்றிய நேரம் என்பதால் எங்களால் மணி சொல்ல முடிந்தது.

துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஊசி மருந்து கொடுத்தார்கள். பொட்டாசியமும் தைராய்டும் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஆரம்பித்தார்கள். உடனே ஷாக் வேண்டாம், கொஞ்சம் பொறுப்போம் என்றார் டாக்டர். அதற்கு ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் 437 பேரை, உடனே துடிப்பைத் திருப்பும் பிரிவு, காத்திருக்கும் பிரிவு என்று இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. காத்திருந்த பிரிவில் 69 சதவீதம் பேருக்கு 48 மணி நேரத்துக்குள் துடிப்பு தானாகவே திரும்பிவிட்டது. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மாமாவுக்கு விடிகாலையில் திரும்பியது. நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை பெரிய முனைகளுக்கு நடுவே கோடு முழுக்கச் சின்னச் சின்ன நடுக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று ஒரு இடைவெளி. அடுத்து ஒவ்வொரு முனைக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு தெரிய ஆரம்பித்தது. மேலறை ஒழுங்காகச் சுருங்குகிறது என்பதற்கு அந்த மேடுதான் அடையாளம் என்று நர்ஸ் விரலால் தொட்டுக் காட்டினார்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். துடிப்பு சரியானதும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் கடிதத்தில் மறுபடி அதே வரி: குடும்ப டாக்டரைப் பார்க்கவும். இந்த ஒரு வரியில்தான் போன வருஷம் முழுக்க வீணானது. கேஷுவல்டியின் வேலை அன்றைய இரவைக் கடத்துவது, அதை அவர்கள் நன்றாகவே செய்தார்கள். ஆனால் இந்த நோய் அன்றைய இரவோடு முடிவதில்லை. வந்து வந்து போகிறது, அப்புறம் போகாமலே தங்கிவிடுகிறது. வந்து போகிற கட்டத்திலேயே கை வைத்தால் பலன் கூடுதல் என்பதற்கு இன்றைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

இந்தக் கதை ஆரம்பித்தது பிரான்ஸின் போர்தோ நகரத்தில். மிஷேல் ஹைசகேர் குழுவினர் 1998இல் 45 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நடுக்கத்தைக் கிளப்பும் மின்பொறிகளில் 94 சதவீதம் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பு உண்டாக்கிவிட்டால் பொறி வெளியே வராது. தொடையில் உள்ள சிரை வழியாகக் குழாய் விட்டு, சூடு வைத்தோ, பலூனால் உறைய வைத்தோ அதைச் செய்கிறார்கள். இப்போது மின்துடிப்பாலும் செய்கிறார்கள். அதுதான் கதீட்டர் அப்லேஷன். நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் இல்லை.

மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்துத் தோற்ற பிறகுதான் இதற்குப் போக வேண்டும் என்று நெடுங்காலம் நினைத்தார்கள். கனடாவில் 303 பேரை வைத்து நடந்த 'ஏர்லி-ஏஎஃப்' ஆய்வு அதை மாற்றிக் கேட்டது: முதல் சிகிச்சையாகவே அப்லேஷன் செய்தால் என்ன? தோலுக்கடியில் கண்காணிப்புக் கருவி வைத்து ஒரு வருஷம் பார்த்தார்கள். அப்லேஷன் செய்தவர்களில் 42.9 சதவீதம் பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் 67.8 சதவீதம் பேருக்கும் தாறுமாறான துடிப்பு திரும்ப வந்தது. கருவி மிகச் சின்ன நடுக்கத்தையும் பிடித்துவிடும் என்பதால்தான் இரண்டு எண்ணும் பெரிதாகத் தெரிகின்றன. நோயாளியே உணரும்படி திரும்ப வந்தது 11 சதவீதத்துக்கும் 26.2 சதவீதத்துக்கும்தான். மூன்று வருஷம் கழித்துப் பார்த்தபோது நோய் விடாப்பிடியாகத் தங்கிவிட்டவர்கள் 1.9 சதவீதம், மருந்துப் பிரிவில் 7.4 சதவீதம். ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தவர்கள் 5.2 சதவீதம், மருந்துப் பிரிவில் 16.8 சதவீதம். திரும்பத் திரும்ப ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு ஓடுகிற குடும்பத்துக்கு இந்தக் கடைசி எண்ணின் அருமை தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேஷுவல்டியில் படுத்திருக்கிற அன்றைக்கே அப்லேஷன் செய்யச் சொல்லிச் சண்டை போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நாள் குறித்துச் செய்கிற சிகிச்சை. அந்த ஆய்வில் இருந்தவர்களும் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்தான். ஆனால் அங்கே போகிற வழி அந்த இரவிலேயே தொடங்க வேண்டும். இப்போது ஐரோப்பிய, அமெரிக்க வழிகாட்டிகள் இரண்டுமே, வந்து வந்து போகும் வகைக்குத் தகுந்த நோயாளியாக இருந்தால் அப்லேஷனை முதல் தெரிவாகவே முன்வைக்கலாம் என்கின்றன. அப்படியானால் வீட்டுக்கு அனுப்பும்போதே ஒரு எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்டுக்கு, அதாவது இதயத்தின் மின்னோட்டத்தைப் பார்க்கும் நிபுணருக்கு, கடிதம் தர வேண்டாமா?

கேட்டேன். டாக்டர் தயங்கவே இல்லை, எழுதிக் கொடுத்தார். கேட்காத குடும்பங்களுக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள் என்பதுதான் என் மனதை அறுக்கிறது.

அடுத்து நான் கேட்டது இ.சி.ஜி. தாள். இது மிக முக்கியம். துடிப்பு சரியான பிறகு எடுக்கிற இ.சி.ஜி.யில் இந்த நோய் தெரியாது. தாறுமாறாக ஓடும்போது எடுத்த அந்த ஒரு தாள்தான் சாட்சி. போன வருஷம் இரண்டு தடவையும் வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுத்த தாள்களை மாமாவிடம் தரவே இல்லை. நான் போய்ப் பழைய ஃபைலைக் கேட்டபோது ஒரு கவுண்டரிலிருந்து இன்னொரு கவுண்டருக்கு அலையவிட்டார்கள். கடைசியில் ஒன்று கிடைத்தது. வெப்பத்தில் அச்சாகும் தாள் என்பதால் பாதி மங்கிப்போயிருந்தது. மற்றது கிடைக்கவே இல்லை. அதனால் தாள் கையில் வந்த உடனே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரும் தேதியும் மணியும் தெரிகிற மாதிரி எடுங்கள்.

அந்த ஃபைலில் இன்னொன்றும் பார்த்தேன். போன வருஷ பில்லில் நோய்க் குறியீடு 'ஆர்00.2' என்று போட்டிருந்தார்கள். அது வெறும் படபடப்புக்கான குறியீடு. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு 'ஐ48' என்று இருக்க வேண்டும். ஒரு எழுத்தும் எண்ணும்தானே என்று விட்டுவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் மெடிக்கல் எய்ட் திட்டம் எதுவானாலும் சட்டப்படி கட்டாயம் ஏற்க வேண்டிய நோய்கள் உண்டு. அதில் நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இதயத் துடிப்புக் கோளாறும் இருக்கிறது. அந்தப் பதிவு இருந்தால் மாத மருந்து திட்டத்தின் செலவில் வரும். படபடப்பு என்று போட்டுவிட்டால், மாமாவுக்கு நடந்ததைப் போல, அந்தத் திட்டத்துக்குள் அவருக்கென்று இருக்கும் மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து காசு போய்விடும். இந்தத் தடவை டிஸ்சார்ஜ் கவுண்டரிலேயே குறியீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டோம்.

எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட் ஊரில் மிகக் குறைவு, காத்திருக்க வேண்டும். ஆனால் கடிதமும் இ.சி.ஜி. தாளும் முன்கூட்டி அனுப்பியதால் நான் கிளம்புவதற்குள் மாமாவைப் பார்த்துவிட்டார். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இடது மேலறை வீங்கவில்லை. நல்ல சமயத்தில் வந்திருக்கிறீர்கள் என்றார். ஆபத்துகளையும் மறைக்கவில்லை. இதயச் சுவரில் துளை விழுந்து சுற்றுப்பையில் ரத்தம் சேர்வது நூறில் ஒருவர் அளவில் நடக்கலாம். பக்கவாதம் வரலாம். உணவுக்குழாய் பாதிக்கப்படுவது மிக அரிது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்கு இரண்டாம் முறை செய்ய வேண்டியிருக்கும். குறட்டையும் எடையும் பிரஷரும் கட்டுக்குள் வராவிட்டால் பலன் குறையும் என்றும் சொன்னார். மாமாவின் சனிக்கிழமை பிராந்தியையும் கேட்டறிந்து நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்லேஷன் பண்ணிட்டா ரத்தம் நீர்க்கிற மாத்திரையை விட்டுடலாமா டாக்டர்?" முடியாது. செய்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று மாதம் எல்லோருக்கும் கட்டாயம். அதற்கப்புறம், துடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வயதும் பிரஷரும் சேர்ந்த பக்கவாத ஆபத்தைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்வார்கள். மாமாவின் கணக்கில் அது தொடர வேண்டியிருக்கும்.

இதெல்லாம் மெடிக்கல் எய்ட் உள்ளவரின் கதை. அந்த நாட்டில் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் அது இருக்கிறது. மாமா வீட்டுக்கு எதிர்வீட்டு ஆயாவுக்கும் இதே நோய். உதவித்தொகை வாங்குவதால் அரசு ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை, மாத்திரையும் தவறாமல் கிடைக்கிறது. ஆனால் அப்லேஷன் என்ற பேச்சை அவரிடம் ஒருவரும் எடுத்ததில்லை. நகரத்தின் பெரிய நிபுணத்துவ அரசு ஆஸ்பத்திரியான இன்கோசி ஆல்பர்ட் லுத்துலிக்குக் கீழ்மட்ட ஆஸ்பத்திரியின் பரிந்துரை இல்லாமல் போக முடியாது. நேராக நடந்து போய்க் கேட்கிற இடமில்லை அது. அதனால் அவருக்கும் அதே யோசனையைத்தான் சொன்னேன்: அடுத்த முறை கிளினிக் போகும்போது இதய நிபுணருக்குப் பரிந்துரை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டதைக் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அவர் மகள் கூடப் போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

மாமாவின் அப்லேஷனுக்கு மெடிக்கல் எய்டின் முன் அனுமதி நேற்று வந்துவிட்டது. முதலில் மருந்தை முயன்று பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டார்கள். நிபுணர் புதிய வழிகாட்டிகளைக் குறிப்பிட்டு இரண்டு பக்கம் எழுதினார், இ.சி.ஜி. தாள்கள் இரண்டையும் சேர்த்து அனுப்பினார். அதற்குப் பிறகு மறுப்பு வரவில்லை. தேதி அடுத்த மாதம். அதுவரை மறுபடி துடிப்பு தாறுமாறானால் மாமி காரை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. தனியார் ஆம்புலன்ஸில் நெட்கேருக்கு 082 911, இஆர்24க்கு 084 124. நான்கையும் மாமியின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.