இன்ஸ்டிங்க்ட் 2 வா, ஃபீனிக்ஸ் 7 ஆ?

உத்தரகாண்ட்ல இருக்குற கேதார்கந்தா பனி ட்ரெக் போறேன், எந்த கார்மின் ஜிபிஎஸ் வாட்ச் வாங்கறதுன்னு நிறைய பேர் கேக்குறீங்க, ரெண்டையும் கட்டிப் பாத்ததை வெச்சு சொல்றேன்.

விலை: 2022ல வந்தப்போ இன்ஸ்டிங்க்ட் 350 டாலர், ஃபீனிக்ஸ் 700. அப்படியே டபுள்.

எடை: இன்ஸ்டிங்க்ட் 52 கிராம், ஃபீனிக்ஸ் 79 கிராம்.

பேட்டரி: ஜிபிஎஸ் ஓடிட்டே இருந்தா இன்ஸ்டிங்க்ட் 30 மணி நேரம், ஃபீனிக்ஸ் 57 மணி நேரம்.

மேப்: இதுதாங்க முக்கியம். இன்ஸ்டிங்க்ட்ல நீங்க வந்த வழி வெறும் கோடா தெரியும், அதைப் பிடிச்சுத் திரும்பி வரலாம், அவ்ளோதான். ஃபீனிக்ஸ்ல உயரக்கோடு, ஓடை, பாதை எல்லாம் தெரியும், பனி மூடி முன்னாடி போனவங்க கால்தடமே இல்லாதப்ப இடது பக்கம் சரிவா மேடான்னு பாத்துட்டு அடி வைக்கலாம்.

உயரம்: ரெண்டும் காத்தழுத்தத்தை வெச்சுதான் காட்டும், அதனால வானிலை மோசமாகி அழுத்தம் இறங்குனா டெண்ட்ல படுத்திருக்கும்போதே உயரம் ஏறுன மாதிரி காட்டும், பயப்படாதீங்க, கேம்ப் போர்டுல இருக்குற உயரத்தைப் போட்டு காலிபரேட் பண்ணிடுங்க.

க்ளவுஸ்: ரெண்டுலயும் அஞ்சு பட்டன், க்ளவுஸைக் கழட்டாமலே அழுத்தலாம், பிரச்சனை இல்ல.

கைடோட வருஷத்துக்கு ஒரு ட்ரெக்குன்னா இன்ஸ்டிங்க்ட் தாராளம், மிச்சக் காசுல நல்ல ஷூ வாங்குங்க. நீங்களே வழி பாத்துப் போறவங்கன்னா ஃபீனிக்ஸ்தான், இதுல காசு பாக்காதீங்க.