‘சைலண்ட் 3 எச்.பி.’ கம்ப்ரசரா? காசு கொடுக்கும் முன் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சின்ன ஏர் கம்ப்ரசருக்குத் தனி கிராக்கி. கேட்டுக்குச் சாயம் அடிக்க, காடி டயருக்குக் காற்று அடிக்க, புல்வெட்டும் மெஷினின் ஃபில்டரை ஊத என்று தாமான் வீடுகளிலும் தோட்ட வீடுகளிலும் ஆளுக்கொன்று வாங்குகிறார்கள். கொஞ்ச நாளில் அதில் சில, “காத்தே வரலை” என்ற புகாரோடு எங்கள் பட்டறைக்கு வந்து சேர்கின்றன. அப்படி வந்த ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது தெரிந்ததுதான் இந்தப் பதிவு. கடையின் பெயர் வேண்டாம். இதே ஸ்டிக்கர் பல கடைகளில் ஒட்டப்படுகிறது.

வாங்கியவர் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர். வீடு தாமானில், இரண்டு பக்கமும் ஒட்டிய வீடுகள். கடையில் இரண்டு மெஷினைக் காட்டியிருக்கிறார்கள். “அண்ணே, அது பவரு, ஆனா காது கிழிஞ்சிடும். இது சைலண்ட், பவரும் மூணு எச்.பி. இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வரமாட்டான்” என்று சொல்லி 599 வெள்ளிக்குத் தலையில் கட்டிவிட்டார்கள். ஸ்டிக்கரில் 3 எச்.பி. (குதிரைத்திறன்), 30 லிட்டர், நிமிடத்துக்கு 200 லிட்டர், 55 டெசிபல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ரசீதில் இருந்தது ஒரே வரி: ‘கம்ப்ரசர் 1’.

கேட்டில் பாதி அடிப்பதற்குள் ஸ்ப்ரே கன் சாயத்தைத் துப்ப ஆரம்பித்துவிட்டது. மோட்டார் நிற்கவே இல்லை. ஓடி ஓடிச் சூடேறி, கடைசியில் தானாக டிரிப் ஆனது. கடைக்குத் திரும்பக் கொண்டுபோனால், “எக்ஸ்டென்ஷன் வயர்ல போட்டீங்களா? அப்ப வாரண்டி கிடையாது” என்றார்கள்.

மோட்டார் பக்கவாட்டில் இருந்த பளபள ஸ்டிக்கரின் ஒரு மூலையை நகத்தால் தூக்கினால், அடியில் தொழிற்சாலை அடித்த அலுமினியத் தகடு. அதில் 750 வாட், நிமிடத்துக்கு 1,400 சுற்று. ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆக, மூன்று எச்.பி. என்று விற்றது ஒரு எச்.பி. மோட்டார்.

தகடே இல்லாத மெஷினாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உண்மையான 3 எச்.பி. மோட்டார் வெளியே தருவது ஏறக்குறைய 2,240 வாட். மோட்டாரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் உள்ளே இழுப்பது 3,000 வாட்டைத் தொடும். நம் வீட்டு 13 அம்பியர் பிளக், 240 வோல்ட்டில் தாங்குவது 3,120 வாட். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போல நான்கைந்து மடங்கு. 13 அம்பியர் பிளக்கோடு 3 எச்.பி. என்று எவராவது விற்றால் சந்தேகப்படலாம். பிளக்கும் ஒல்லி, வயரும் ஒல்லி, தூக்கினால் ஒரு கையில் வருகிறது என்றால் பேச்சே வேண்டாம். பெல்ட் இல்லாமல் நேரடி மோட்டார் வைத்த 2 எச்.பி., 24 லிட்டர் எண்ணெய் கம்ப்ரசரே 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கிளாம்ப் மீட்டர் வைத்திருக்கும் வயர்மேன் பக்கத்தில் இருந்தால், தொட்டி நிறையும் நேரத்தில் கரண்டை அளக்கச் சொல்லுங்கள். ஒரு எச்.பி. என்றால் நான்கைந்து அம்பியர், இரண்டு எச்.பி. என்றால் ஒன்பது பத்து.

அடுத்தது தொட்டி. இதை அளக்கத் தையல் டேப் போதும். இந்த மெஷினின் தொட்டிச் சுற்றளவு 75 சென்டிமீட்டர், நீளம் 40. சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம் 24, ஆரம் 12. ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14 ஆலும் நீளத்தாலும் பெருக்கினால் 18,000 கன சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது 18 லிட்டர். முப்பது லிட்டர் என்றது பொய். நிஜமான 50 லிட்டர் தொட்டி வேண்டும் என்றால் சுற்றளவு 94, நீளம் 70 என்ற அளவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, காற்றின் அளவு. பெட்டியில் ‘நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்’ என்று போடுவது பெரும்பாலும் பிஸ்டன் ஒரு நிமிடத்தில் அடைக்கும் இடத்தின் கணக்கு. வால்வில் திரும்பிப் போவது, பிஸ்டன் தலைக்கு மேலே சிக்கிக்கொள்ளும் காற்று, சூடு எல்லாம் போக, அழுத்தத்தில் உண்மையாகக் கைக்கு வருவது சின்ன மெஷின்களில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான். நல்ல தயாரிப்பாளர்கள் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போடுவார்கள். ஒரே எண் இருந்தால் அது பெரிய எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். வெளிக் குழாயை மூடிவிட்டு மெஷினை ஓட விடுங்கள். மீட்டர் முள் 4 பார் அழுத்தத்தைத் தொடும்போது கைப்பேசி கடிகாரத்தை ஆரம்பித்து, 6 பாரில் நிறுத்துங்கள். பார் இல்லாமல் பி.எஸ்.ஐ. மீட்டர் என்றால் 58 முதல் 87 வரை. தொட்டி லிட்டரை 2 ஆல் பெருக்கி, 60 ஆல் பெருக்கி, நொடியால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். இந்த மெஷின் எடுத்தது 33 நொடி. 18 லிட்டர் தொட்டிக்கு அது நிமிடத்துக்கு 65 லிட்டர். ஸ்டிக்கரை நம்பி 30 லிட்டர் என்று போட்டிருந்தால் 109 என்று வந்து, பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். அதனால்தான் தொட்டியை முதலில் அளக்க வேண்டும். ஸ்டிக்கர் சொன்ன 200 லிட்டரும் 30 லிட்டர் தொட்டியும் நிஜம் என்றால் முள் 18 நொடியில் 6 பாருக்குப் போயிருக்கும். ஓட விட மாட்டேன் என்று சொல்லும் கடையில் வாங்காதீர்கள்.

சத்தத்தின் எண்ணும் இப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் தூரத்தில் 72 டெசிபல் அடிக்கும் மெஷின், ஏழு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 55. எந்தத் தூரத்தில் அளந்தது என்று போடாத டெசிபல் எண்ணுக்கு மதிப்பே இல்லை. இதில் நேர்மையான கம்பெனிகளுக்குத்தான் நட்டம். ஐரோப்பிய விதிப்படி ஒட்டும் லேபிளில் 97 என்பது போல ஒரு எல்.டபிள்யூ.ஏ. அளவு இருக்கும். அது மெஷின் வெளிவிடும் மொத்த ஒலித்திறன், தூரத்தோடு சம்பந்தம் இல்லாதது. காதருகே கேட்கும் அளவு அதைவிடக் குறைவாக இருக்கும். அந்த 97 ஐயும் இந்த 55 ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், நல்லதை விட்டுப் போலியை வாங்குவோம். வீட்டுப் போர்ச்சில், மூன்று பக்கம் சுவரும் மேலே தகரமும் இருந்தால் எல்லா மெஷினும் பெட்டியில் போட்டதைவிடக் கூடுதலாகவே கத்தும்.

சத்தம் குறைவதற்குக் காரணம் மந்திரம் இல்லை, வேகம்தான். காது கிழிக்கும் வகையில் மோட்டார் நிமிடத்துக்கு 2,850 சுற்று போகிறது, பிஸ்டனும் அதே வேகம். சைலண்ட் வகையில் 1,400 சுற்று, எண்ணெய் இல்லாமல் வழுக்கும் வளையம், பெரும்பாலும் இரண்டு பிஸ்டன். மெதுவாக ஓடுவதால் சத்தம் குறைவு, அதே காரணத்தால் காற்றும் குறைவு. சைலண்ட் வகையிலேயே நிறையக் காற்று வேண்டும் என்றால் மோட்டாரைக் கூட்ட வேண்டும். இரண்டு மோட்டார், மூன்று மோட்டார் வைத்த மெஷின்கள் உண்டு, எடையும் விலையும் அதற்கேற்ப ஏறும். 599 வெள்ளியில் அது வராது.

கடைக்காரர்கள் சொல்லாமல் விடும் மூன்றாவது வகை பெல்ட் கம்ப்ரசர். மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவே பெல்ட் போட்டு, பம்பின் வேகத்தை ஆயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்கள். கீச்சென்று கத்தாது, தடதடவென்று தாழ்ந்த குரலில் ஓடும். பக்கத்து வீட்டுக்கு அது அவ்வளவு உறுத்தாது. கனம் அதிகம், இடம் அடைக்கும். ஆனால் ஒழுங்காக எண்ணெய் மாற்றினால் பல வருடம் உழைக்கும்.

ஆகவே, சத்தமா சக்தியா என்று கடையில் கேட்டால், என்ன வேலைக்கு என்று நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். காடி, மோட்டோ டயர், தள்ளுவண்டிச் சக்கரம், ஃபில்டர் ஊதுவது, சின்ன ஆணித் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் நேர்மையான 750 வாட் சைலண்ட் தாராளமாகப் போதும். சக்கர நட்டைக் கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரென்ச் நிமிடத்துக்கு 110 முதல் 140 லிட்டர் கேட்கும், ஆனால் விட்டு விட்டு அடிப்பதால் 24 லிட்டர் தொட்டியில் ஒரு சக்கரம் கழற்றி, கொஞ்சம் காத்திருந்து, அடுத்த சக்கரம் என்று சமாளிக்கலாம். ஸ்ப்ரே கன் அப்படியில்லை. விரலை எடுக்காமல் இழுக்கும், சாதாரண கன் 200 லிட்டருக்கு மேல் கேட்கும். 65 லிட்டர் கொடுக்கும் மெஷினில் மாட்டினால் சில நொடியில் அழுத்தம் இறங்கி, சாயம் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக விழும். கேட் அடிப்பதுதான் முக்கிய வேலை என்றால் 50 லிட்டர் தொட்டியோடு 2 எச்.பி.க்குக் குறையாமல் பாருங்கள், அல்லது காற்று குறைவாகக் கேட்கும் சின்ன முனை கன் வாங்குங்கள். வருடத்துக்கு ஒரு கேட் என்றால் தூரிகையே போதும், 599 வெள்ளி மிச்சம். கிரைண்டர், மணல் அடிப்பது போன்ற வேலைக்கு வீட்டு மெஷின் எதுவுமே ஆகாது.

எக்ஸ்டென்ஷன் வயர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர், தடை ஏறக்குறைய 0.7 ஓம். 2 எச்.பி. மெஷின் கிளம்பும்போது 45 அம்பியர் இழுத்தால் 31 வோல்ட் வயரிலேயே போய்விடும். மோட்டார் ‘ம்ம்ம்’ என்று முனகி நிற்கும், அதைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் எரியும். 2.5 மில்லிமீட்டர் வயரில் இழப்பு 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். அதைவிட நல்லது, மெஷினைச் சுவர் பிளக்கிலேயே மாட்டிவிட்டு, காற்றுக் குழாயை நீளமாக்குவது. உட்புறம் 8 மில்லிமீட்டர் குழாயாக இருக்கட்டும், சுருள் சுருளாக வரும் ஒல்லிக் குழாய் காற்றைத் தின்றுவிடும். ஆனால் இந்த மெஷின் காற்றுத் தராததற்கு வயர் காரணமில்லை. எங்கள் சோதனை சுவர் பிளக்கில் செய்தது.

வயரில் குற்றமில்லாமலும் முனகினால் வேறு இடம் பாருங்கள். தொட்டி நிறைந்து மோட்டார் நிற்கும்போது ‘புஸ்ஸ்’ என்று சின்னதாய்க் காற்று வெளியேற வேண்டும். அது பம்புக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள குழாயைக் காலி செய்யும் சத்தம். அது வராவிட்டால், அல்லது வந்து நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தால், பிரஷர் சுவிட்ச் வால்வோ, தொட்டிக் காற்றைத் திரும்ப விடாத திரும்பா வால்வோ கெட்டிருக்கிறது. புது மெஷினிலேயே இப்படி என்றால் அங்கேயே மாற்றிக் கேளுங்கள்.

இன்னொரு ஏமாற்று, ஆபத்தானது. ‘பவர் ஏத்தித் தரேன்’ என்று பிரஷர் சுவிட்ச் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூவைத் திருகி, 8 பாரில் நிற்க வேண்டியதை 10 பாருக்குக் கொண்டுபோவார்கள். மெஷின் நிமிடத்துக்குத் தரும் காற்று ஒரு சொட்டும் அதிகரிக்காது, தொட்டிதான் தாங்க வேண்டியதற்கு மேல் உப்பும். தொட்டித் தகட்டில் போட்ட அதிகபட்ச அழுத்தத்தை மீட்டர் தாண்டக் கூடாது. சேஃப்டி வால்வின் வளையத்தைத் தொட்டியில் காற்று இருக்கும்போது ஒரு முறை இழுத்துப் பாருங்கள், சீறி அடித்துவிட்டு, விட்டதும் மூட வேண்டும். இறுகிப்போயிருந்தால் வாங்காதீர்கள்.

எண்ணெய் வகை வாங்குகிறவர்களுக்கு: பெட்டியில் வரும்போது பம்பில் பெரும்பாலும் எண்ணெய் இருக்காது, வாயில் பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்ற தரத்துக் கம்ப்ரசர் எண்ணெயைக் கண்ணாடியின் சிவப்புப் புள்ளி வரை ஊற்றி, மூச்சுத் துளை உள்ள மூடியை மாட்ட வேண்டும். மோட்டோ என்ஜின் எண்ணெய் ஊற்றினால் வால்வில் கரி பிடிக்கும். முதல் முறை வெளிக் குழாயை முழுதாகத் திறந்து வைத்து 20 நிமிடம் ஓட விடுங்கள். எண்ணெய் ஊற்றாமல் ஓட்டிப் பிஸ்டன் சிக்கிப்போனால் எந்தக் கடையும் பொறுப்பேற்காது, அதில் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். 30 டிகிரி வெயிலில், 80 விழுக்காடு ஈரப்பதத்தில், நிமிடத்துக்கு 100 லிட்டர் என்று ஒரு மணி நேரம் ஓடினால் 120 மில்லிக்குப் பக்கத்தில் தண்ணீர் சேரும். வேலை முடிந்ததும் அடித்திருகைத் திறந்து வடியுங்கள். வடிக்காத தொட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே தெரியாது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால்: ஸ்டிக்கர், அடியில் உள்ள தகடு, டேப் வைத்த தொட்டி, 4 முதல் 6 பார் வரை ஓடும் முள் எல்லாவற்றையும் படமும் வீடியோவும் எடுத்து வையுங்கள். ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்படாது’ என்ற கடை அறிவிப்பு, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை அழிக்காது. சொன்ன விவரத்துக்குப் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. கடை மசியாவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதல் பாரத்தை (படிவம் 1) நிரப்பி, 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் வேண்டாம். ‘கம்ப்ரசர் 1’ என்ற ரசீது அங்கே கை கொடுக்காது. எச்.பி., லிட்டர், மாடல் எண் மூன்றையும் ரசீதில் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதத் தயங்கும் இடத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

அந்த மன்றம் வீட்டு உபயோகத்துக்கு வாங்கியவருக்குத்தான். பட்டறைத் தொழிலுக்கு வாங்கியவருக்கு அந்த வழி இல்லை. அவர் தொட்டியில் பி.எம்.டி. எனும் அழுத்தத் தொட்டிக்கான அரசுப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ரத்தாகிவிட்டது, இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அது சரியல்ல. வேலையிடத்து அழுத்தத் தொட்டிகளுக்கான தகுதிச் சான்றிதழ் விதி இப்போது வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் தொடர்கிறது. சந்தேகம் என்றால் வாங்கும் முன் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜே.கே.கே.பி. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.