காங்கேயத்து மரச்செக்கு எண்ணெய்க்கு ஒரு லோகோ: கோவை வடிவமைப்பகம் ஒன்றின் சேவை பற்றிய மதிப்பீடு

சிறுதொழில் செய்பவர்கள் லோகோவுக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, ஒதுக்கத்தான் வேண்டும் என்பதே என் பதில். காங்கேயத்தில் எங்கள் குடும்பம் நடத்திவரும் மரச்செக்கு எண்ணெய்த் தொழிலுக்காகக் கோவையில் உள்ள ஒரு சிறிய வடிவமைப்பகத்திடம் லோகோ செய்து வாங்கினோம். 18 விழுக்காடு ஜிஎஸ்டி நீங்கலாக 25,000 ரூபாய் கொடுத்தோம். அந்தப் பணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தவற்றையும், அந்தச் சேவையில் போதாமல் இருந்தவற்றையும் எழுதினால் இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அதுவரை எங்கள் எண்ணெய்க்கு நிலையான முகம் என்று எதுவும் இல்லை. பாட்டில் லேபிளை அச்சகத்தார் ஒரு விதமாகவும், கடைவாசல் பலகையை ஃபிளெக்ஸ் கடைக்காரர் வேறு விதமாகவும் செய்து கொடுத்திருந்தார்கள்; பில் புத்தகத்தில் பெயர் மட்டுமே இருந்தது. திருப்பூரில் ஒரு மளிகைக் கடையில் எங்கள் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தும், இரண்டும் ஒரே செக்கிலிருந்து வருவது வாங்குபவர்களுக்குத் தெரியவில்லை. நல்லெண்ணெயை விரும்பி வாங்கியவர் அதே நம்பிக்கையில் கடலை எண்ணெயையும் எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத தொழிலுக்கு, ஒரு பொருள் சம்பாதித்த நற்பெயரை அடுத்த பொருளுக்குக் கொண்டுசேர்க்க லோகோவை விட்டால் வேறு வழி மிகக் குறைவு.

வடிவமைப்பாளர் முதலில் பேசியது காளையைப் பற்றித்தான். காங்கேயம் என்றதும் திமில் உயர்ந்த காளையை வரைந்துவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். எண்ணெய், அரிசி, வெல்லம், பால் என்று எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் அது நிற்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் காளைதான் வேண்டும் என்றார்கள். வடிவமைப்பாளரான அந்தப் பெண் மறுத்துப் பேசாமல், ஒரு மளிகைக் கடை அடுக்கைப் படமெடுத்து வந்து மேசையில் வைத்தார். காளை போட்ட பாட்டில்களுக்கு நடுவே எங்களுடையது எது என்று எங்களாலேயே உடனே காட்ட முடியவில்லை. பிறகு அவர் செக்கடிக்கு வந்து ஒரு காலை முழுவதும் நின்று பார்த்தார். மேலிருந்து பார்த்தால் தெரியும் வாகை மர உரலின் வட்டம், அதன் மேல் சாய்ந்து கிடக்கும் உலக்கையின் ஒற்றைக் கோடு ஆகிய இரண்டையும் மட்டும் வைத்து அவர் வரைந்து கொண்டுவந்ததே இன்று எங்கள் லோகோ. செயலிகளில் கிடைக்கும் ஆயத்த வார்ப்புகளை எடுத்துப் பெயரை மாற்றிக்கொள்வதில் இந்தத் தனித்தன்மை கிடைப்பதில்லை; அதே வார்ப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிப்பது அழகைவிட அச்சு அறிவை. எண்ணெய் லேபிளில் இடம் என்பது எப்போதும் பற்றாக்குறைதான். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியும், நிகர அளவும், அதிகபட்ச விலையும், தேதிகளும், ஊட்டச்சத்து அட்டவணையும் போக மிஞ்சும் இடத்தில்தான் லோகோ நிற்க வேண்டும். அதனால் கட்டைவிரல் நக அளவில் அச்சிட்டுக் காட்டிய பிறகே பெரிய அளவுப் படத்தை அனுப்பினார்கள். எல்லாம் ஒரே நிறத்தில் வரைந்ததும் காரணத்தோடுதான். பவுச்சுக்கான படலத்தை, பொறித்த உருளைகளைக் கொண்டு அச்சிடும் ரோட்டோகிராவூர் முறையில் அச்சிடும்போது நிறத்துக்கு ஒரு சிலிண்டர் பொறிக்க வேண்டும். நிறம் கூடினால் சிலிண்டர் செலவும் கூடும். டின்னில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்களுக்கும், ரப்பர் முத்திரை செய்பவருக்கும், சாயல் மாறிக்கொண்டே போகும் நிறம் தலைவலி. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பைக் கையில் கொடுத்துவிட்டதால், லேபிள் அச்சகத்திலும் பலகை எழுதுபவரிடமும் இனி யாரும் தங்கள் கைக்கு வந்ததுபோல் வரைய வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து விஷயத்தில் மட்டும் அந்த வடிவமைப்பகம் என்னை ஏமாற்றியது. ஆங்கிலப் பெயரைத் தாமாக வரைந்தவர்கள், தமிழுக்கு ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டார்கள். சிறிய அளவில் அச்சிட்டபோது மெய்யெழுத்துகளின் புள்ளிகள் காணாமல் போயின. ‘செக்கு’ என்பதே வேறு ஏதோ சொல்லாகத் தெரிந்தது. கொம்பும் காலும் தடித்து, இடையில் உள்ள எழுத்து மெலிந்து நின்றது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழே முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வாடிக்கையாளர்களும் முதலில் படிப்பது தமிழைத்தான். அப்படியிருக்கத் தமிழைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதை ஏற்க முடியவில்லை. எடுத்துச் சொன்னதும், தமிழ் எழுத்து வரையும் ஒருவரை வெளியிலிருந்து அழைத்துப் புள்ளிகளைப் பெரிதாக்கி, உலக்கைக் கோட்டின் தடிமனுக்கு எழுத்தின் தடிமனையும் பொருத்தித் திருத்திக் கொடுத்தார்கள். கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் தீபாவளி விற்பனைக்கு வந்திருக்க வேண்டிய புதிய லேபிள் பொங்கலுக்குத்தான் வந்தது.

உரிமை விஷயத்தில் அவர்கள் காட்டிய நேர்மையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம் என்பதாலேயே வரைந்த படத்தின் பதிப்புரிமை பொதுவாக நம்மிடம் வந்துவிடுவதில்லை. எழுத்து வடிவில் கையொப்பமிட்டு மாற்றித் தர வேண்டும். அந்த ஆவணத்தில் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுக்கு மட்டும் என்றும், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பொருள்கொள்ளும். சிங்கப்பூருக்கு எண்ணெய் அனுப்ப நினைக்கும் எங்களுக்கு இது சிறிய விஷயம் அல்ல. நாங்கள் கேட்காமலே, காலவரம்பின்றி எல்லா நாடுகளுக்கும் என்று எழுதித் தந்தார்கள்.

அதன் பிறகு லோகோவை வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதிவு செய்ய விண்ணப்பித்தோம். பதிவுக்காகப் பொருள்களைப் பிரித்திருக்கும் வகுப்புகளில் உணவு எண்ணெய் 29ஆம் வகுப்பில் வருகிறது. தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். ‘சுத்தமான நல்லெண்ணெய்’ என்பதுபோல் பொருளை வருணிக்கும் வெறும் சொற்களுக்குத் தனியுரிமை கிடைப்பது கடினம். வேறு எவரிடமும் இல்லாத ஒரு வடிவத்தைக் கொண்டுபோனால் வழக்கறிஞருக்கும் வேலை எளிதாகிறது. கறுப்பு வெள்ளையில் விண்ணப்பிக்கும்படி வடிவமைப்பாளரே சொன்னார். நிற வரம்பில்லாமல் பதிவான குறி எல்லா நிறங்களுக்கும் பொருந்தும் என்று சட்டம் சொல்வதால், கடலை எண்ணெய்க்குச் சிவப்பும் நல்லெண்ணெய்க்குப் பச்சையும் நாங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். பதிவு கிடைத்தால் 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவாகும் வரை வட்டத்துக்குள் இருக்கும் ‘ஆர்’ குறியை லேபிளில் போடக்கூடாது என்பதையும் அவர்கள் அச்சுக் கோப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

தொழில் தொடங்கிய முதல் மாதத்திலேயே இவ்வளவு செலவழிக்க வேண்டியதில்லை. பொருளே இன்னும் நிலைக்காதபோது லோகோவால் ஆகக்கூடியது எதுவுமில்லை. உள்ளூரைத் தாண்டி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கும் வேளையும், இரண்டாவது பொருளைச் சேர்க்கும் வேளையுமே இதற்குச் சரியான காலம். விலை பேசும்போது எத்தனை மாதிரிகள் வரைவீர்கள் என்று கேட்பதைவிட, தமிழ் எழுத்தை யார் வரைவார், வெக்டர் கோப்பும் உரிமை மாற்றமும் கட்டணத்தில் அடக்கமா என்று கேளுங்கள். 15 கிலோ டின்னுக்கான வேலையையும் நாங்கள் இதே வடிவமைப்பகத்திடம் கொடுத்திருக்கிறோம். இம்முறை தமிழ்ப் பெயரை முதலில் வரைந்து காட்டிய பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டோம்.