கோஃபாக்ஸா ஸ்பானா: எங்க லீக் ஹால் ஆஃப் ஃபேம்ல நான் ஏன் ஸ்பானுக்கு ஓட்டு போட்டேன்

நானும் சில நண்பர்களும் பழைய அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் சீசன்கள 1946-லிருந்து ஒவ்வொரு வருஷமா சிமுலேஷன்ல ஆடிட்டு வர்றோம். அந்தந்த வருஷம் ஒரு பிளேயர் நிஜத்துல எப்படி ஆடினாரோ அத வச்சுதான் அவரோட ரேட்டிங் வரும், ஆனா அவர் யார் டீம்ல இருக்காருங்கறது நாங்க எடுக்கறது. 1970 முடிஞ்சதும் ஹால் ஆஃப் ஃபேம் (தலைசிறந்த ஆட்டக்காரங்களுக்குக் குடுக்கற கௌரவம்) ஓட்டு, அதுல பிட்சருக்கு, அதாவது பந்து போடறவருக்கு, ஒரே ஒரு இடம். கடைசியா நின்னது சாண்டி கோஃபாக்ஸ், வாரன் ஸ்பான். ரெண்டு பேருமே இடது கை. நான் ஸ்பானுக்குதான் போட்டேன், இத்தனைக்கும் கோஃபாக்ஸ 12 வருஷம் வச்சிருந்தது நான்தான்.

யாரோட உச்சம் பெருசுன்னு கேட்டா அதுல பேச்சே இல்ல, கோஃபாக்ஸ்தான். 1963-லிருந்து 1966 வரைக்கும் நாலு வருஷம், ஈஆர்ஏ (ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா விடற ரன்) 1.88, 1.74, 2.04, 1.73. அதாவது ஒரு முழு மேட்சுக்கு கிட்டத்தட்ட ரெண்டு ரன்தான். 1965-ல 382 ஸ்ட்ரைக் அவுட், அதே வருஷம் கப்ஸ் டீமுக்கு எதிரா பெர்ஃபெக்ட் கேம் (ஒரு பேட்ஸ்மேனக் கூட பேஸுக்குப் போக விடாத மேட்ச்). நிஜ ஹால் ஆஃப் ஃபேம்லயும் 1972-ல, 36 வயசுல அவர எடுத்தாங்க, ஸ்பான் 1973-லதான் போனாரு.

ஆனா ஒரு டீம நடத்துறவனுக்கு உச்சம் மட்டும் போதாது, அந்த ஆள வச்சுக்க என்ன செலவாச்சுன்னு பாக்கணும். எங்க ரோஸ்டர்ல, அதாவது டீம் பட்டியல்ல, 25 இடம்தான். 1955-ல கோஃபாக்ஸ எடுத்தப்போ இவரு பின்னாடி என்னவா வருவாருன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால டிராஃப்ட்ல (புது பிளேயர்கள வரிசையா தேர்ந்தெடுக்கறதுல) சீக்கிரமே எடுக்க வேண்டியதாப் போச்சு, எடுத்தா 1960 வரைக்கும் ஆறு வருஷம் பொறுமையா காத்திருக்கணும். நிஜத்துலயே அந்த ஆறு வருஷத்துல 36 வெற்றி 40 தோல்வி. 1958-ல 158 சொச்சம் இன்னிங்ஸ்ல 105 வாக் (பந்து சரியா போடாததால பேட்ஸ்மேனுக்கு சும்மா கிடைக்கற முதல் பேஸ்). என் டீம்லயும் அதே கததான், இறக்கினா வரிசையா வாக் குடுத்து பேஸ நிரப்புவாரு, இறக்காம உக்கார வச்சா ஒரு இடம் வீணாப் போகும். இதுல ஒரு விஷயம் என்னன்னா நிஜத்துல அவர எடுத்த புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும் இதே தலவலி இருந்துச்சு, பெரிய போனஸ் குடுத்து எடுத்த சின்னப் பையன ரெண்டு வருஷம் மைனர் லீக்குக்கு (கத்துக்கற கீழ்மட்ட லீக்குக்கு) அனுப்பக் கூடாதுன்னு அப்ப ரூல், அதனால அவரும் பெரிய டீம்லயே பெஞ்சுல உக்காந்து கத்துக்க வேண்டியிருந்துச்சு.

அப்புறம் திரும்ப வித்தா கிடைக்கற வெல. 1965 சீசன் முடிஞ்சப்போ உலகத்துலயே பெரிய பிட்சர் என் கையில, ஆனா டிரேட் பேசினா யாரும் ஒரு வருஷ விலைக்கு மேல பேச மாட்டேங்கறாங்க. ஏன்னா முழங்கை ஆர்த்ரைட்டிஸால அவரு 1966-ஓட 30 வயசுல நிறுத்திட்டாருன்னு எல்லாருக்கும் தெரியும், 1967-க்கு ரேட்டிங்கே வராது. 27 வெற்றி எடுத்த ஆளு அடுத்த வருஷம் பட்டியல்லயே இல்ல, அந்த ஓட்டைய அடைக்க எனக்கு ரொம்ப நாளாச்சு. 1960 கடைசியில வித்திருந்தா அள்ளிக் குடுத்திருப்பாங்க, அது உண்மைதான், ஆனா ஆறு வருஷம் காத்திருந்துட்டு அந்த நேரத்துல விக்க மனசு வரல.

ஸ்பான வச்சிருந்த நண்பருக்கு இந்தக் கவலையே கெடையாது. 1947-லிருந்து 1963 வரைக்கும் தொடர்ந்து 17 சீசன், ஒவ்வொண்ணுலயும் 245 இன்னிங்ஸுக்குக் கொறையல. 13 தடவ 20 வெற்றி. 42 வயசுல, 1963-ல, 23 வெற்றி 7 தோல்வி. அந்த வருஷம் ஜூலை 2-ஆம் தேதி எதிர் டீம் பிட்சர் ஹுவான் மரிச்சலுக்கு எதிரா பதினாறாவது இன்னிங்ஸ் வரைக்கும் ரன்னே விடாம போட்டு, கடைசியா வில்லி மேஸ் அடிச்ச ஒரு ஹோம் ரன்ல 1-0-ன்னு தோத்தாரு, அந்த மேட்ச பத்திப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எந்த வருஷம் வேணா அவர விக்கலாம், எந்த வருஷமும் முழு வெல கிடைக்கும், கடைசி ரெண்டு வருஷம் (1964, 1965) தவிர. இன்னிங்ஸ் மொத்தமும் பாத்தா இவருக்கு 5,243, கோஃபாக்ஸுக்கு 2,324. ஒருத்தரே ரெண்டு பிட்சர் வேலை பாத்த மாதிரி. 1943-லிருந்து 1945 வரைக்கும் போருக்குப் போனதால மூணு சீசன் அவருக்குப் போச்சு, அத நான் கணக்குலயே சேக்கல, சேக்காமலே இவ்வளவு.

மைதானமும் ஒரு காரணம். புரூக்ளின்லிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்குப் போன டாட்ஜர்ஸ் 1962-ல தொறந்த டாட்ஜர் ஸ்டேடியம் பிட்சருக்கு சாதகமான எடம், அங்க கோஃபாக்ஸோட ஈஆர்ஏ 1.37. 1963-லிருந்து ஸ்ட்ரைக் ஸோனையும் (பந்து சரியானதுன்னு கணக்காகற பரப்பையும்) பெருசாக்கிட்டாங்க, அதுவும் பிட்சருக்கு சாதகம். எங்க லீக்ல மைதானத்தோட பங்கக் கழிச்சுட்டுதான் ரேட்டிங் போடறோம், அப்பவும் அவர் பிரமாதம்தான், ஆனா தூரத்துலயே ஜொலிக்கற அந்த நம்பர் கொஞ்சம் எறங்கும்.

ஸ்பான் பக்கமும் ஒரு குறை சொல்லணும். 1950-கள்ல புரூக்ளின் டாட்ஜர்ஸ்ல வலது கை பேட்ஸ்மேன்கள் பலம், அவங்களுக்கு இடது கை பிட்சர அடிக்கறது சுலபம், அதனால ஸ்பானோட டீம் பிரேவ்ஸ் அவர அந்த டீமுக்கு எதிரா பெரும்பாலும் இறக்காமத் தவிர்த்தாங்க. அந்த வருஷத்து நம்பர்ல இது ஓரளவு உதவியிருக்கும். எங்க லீக்ல எல்லா டீமுக்கு எதிராவும் போட்டாரு, பெருசா அடி வாங்கல, ஆனா ஒரு லீக்க வச்சு நான் இத அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

இதெல்லாம் வருஷா வருஷம் நிஜ நம்பர வச்சு ரேட்டிங் போடற லீக்குக்குதான் பொருந்தும். பிளேயர் எப்படி வளருவாருங்கறத கம்ப்யூட்டரே முடிவு பண்ற மொறையில கோஃபாக்ஸ் கை நல்லா இருந்து 40 வயசு வரைக்கும் கூட போடலாம், அப்படி நான் ஆடினது ரொம்பக் கொஞ்சம்.

அடுத்த ஓட்டுல கோஃபாக்ஸுக்கு எதிரா வைட்டி ஃபோர்டு, டான் டிரைஸ்டேல்னு இன்னும் ரெண்டு பிட்சர்கள் நிப்பாங்க. அப்ப என் ஓட்டு கோஃபாக்ஸுக்குதான், நண்பர்கள்கிட்ட இப்பவே சொல்லி வச்சிட்டேன்.