சர்வர் அறையில் திறமூலமும் வணிக இயங்குதளமும்: நீண்ட காலப் பயன்பாட்டில் கண்டவை

மேசைக் கணினியின் இயங்குதளம் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாலைப் பொழுதில் மாற்றிவிடலாம். சர்வரில் அப்படி முடியாது; இன்று எடுக்கும் முடிவை ஐந்து ஆண்டுகளோ பத்து ஆண்டுகளோ சுமந்தாக வேண்டும். கோவையில் ஒரு நடுத்தர உற்பத்தி நிறுவனத்தின் கணினி நிர்வாகியாக, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் லினக்ஸ் வகைகளான டெபியன், சென்ட்ஓஎஸ், மைக்ரோசாஃப்டின் வணிக இயங்குதளமான விண்டோஸ் சர்வர் ஆகிய மூன்றையும் ஒரே அறையில் வைத்துப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். எது மலிவு என்றுதான் நிர்வாகத்தில் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியமான கேள்வி வேறு: பதிப்பு மாற்றம், ஆதரவு முடியும் நாள், பழுது பார்க்கும் வழி ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அது.

விலையை முதலில் பேசிவிடுகிறேன். விண்டோஸ் சர்வர் 2016 முதல் உரிமம் செயலிக்குள் இருக்கும் கோர்கள் எனப்படும் கணிப்பு அலகுகளின் எண்ணிக்கைப்படி கணக்கிடப்படுகிறது. ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர்களுக்கு வாங்கியாக வேண்டும். ஸ்டாண்டர்டு பதிப்பில் எல்லாக் கோர்களுக்கும் உரிமம் பெற்றால் இரண்டு மெய்நிகர் கணினிகளை, அதாவது அதே வன்பொருளுக்குள் மென்பொருளாக இயங்கும் தனிக் கணினிகளை, இயக்கலாம். மூன்றாவது தேவைப்பட்டால், அதே வன்பொருளின் அத்தனை கோர்களுக்கும் மறுபடியும் வாங்க வேண்டும். இதற்கு மேல், ஒவ்வொரு பயனருக்கும் அல்லது சாதனத்துக்கும் தனியே அணுகல் உரிமம் வேண்டும்; சர்வரின் பதிப்பை உயர்த்தினால் பழைய அணுகல் உரிமம் செல்லாது. பணம் ஒருபுறம் இருக்க, இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருப்பதே ஒரு வேலையாகிவிடுகிறது. சோதனைக்காக ஒரு மெய்நிகர் கணினியை எழுப்பும்போதுகூட உரிமத்தை நினைத்துக்கொண்டே எழுப்ப வேண்டியிருக்கிறது. டெபியனில் அந்த யோசனையே எழுவதில்லை. அதனால் நாங்கள் சோதித்துப் பார்க்கும் பழக்கமே அங்கு அதிகம் வளர்ந்தது. உரிமச் செலவு மிச்சமானதைக் காட்டிலும் எனக்கு இது பெரிய ஆதாயமாகத் தோன்றுகிறது.

ஆனால் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நம் கையில் இருப்பதாகக் கொள்ள முடியாது என்பதைச் சென்ட்ஓஎஸ் காட்டியது. ரெட் ஹாட் நிறுவனத்தின் வணிகப் பதிப்பான எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டு, அதற்கு இணையாக நடந்துகொண்டதால், இந்தியாவில் எத்தனையோ அலுவலகங்கள் அதை நம்பி இருந்தன. சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு கிடைக்கும் என்று எல்லோரும் திட்டமிட்டிருந்த நிலையில், அது 2021 டிசம்பர் 31 அன்றே முடிந்துவிடும் என்றும், இனி ரெட் ஹாட் பதிப்புக்கு முன்னோடியாக நகரும் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் மட்டுமே இருக்கும் என்றும் 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது. பழைய 7 ஆம் பதிப்போ 2024 ஜூன் 30 வரை ஆதரவில் இருந்தது. புதியதற்கு மாறியவர்களுக்கே முதலில் கெடு முடிந்தது. திட்டத்தை நடத்தும் ரெட் ஹாட் நிறுவனத்துக்கு அப்படி முடிவெடுக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமை ஒரே இடத்தில் குவிந்திருந்ததை நிர்வாகிகள் பலர் அன்றுதான் கவனித்தோம்.

அடுத்து நடந்ததும் திறமூல உலகில் மட்டுமே நடக்கக்கூடியது. மூலநிரல் வெளியில் இருந்ததால், சென்ட்ஓஎஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரெகரி கர்ட்சர் ராக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட்லினக்ஸ் நிறுவனத்தின் முயற்சியில் அல்மாலினக்ஸ் பிறந்தது. இரண்டும் 2021 இன் முதல் பாதிக்குள்ளாகவே பயன்பாட்டுக்கு வந்துவிட்டன. எங்கள் சர்வர்களை, எதையும் புதிதாக நிறுவாமல், மாற்றுவதற்கென்றே எழுதப்பட்ட ஸ்கிரிப்டைக் கொண்டு அல்மாவுக்கு நகர்த்தினோம். தரவுத்தளமும் அமைப்புக் கோப்புகளும் இருந்தபடியே இருந்தன. ஒரு வணிக இயங்குதளம் இப்படி நிறுத்தப்பட்டால் வேறொருவர் அதை எடுத்து நடத்த முடியாது. ஆயினும் அந்த நிகழ்வுக்குப் பிறகு, புதிதாக நிறுவும் சர்வர்களுக்கு, எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத டெபியனையே தேர்ந்தெடுத்து வருகிறேன்.

டெபியனை நான் மதிப்பதற்குப் பதிப்பு மாற்றத்தின் நேர்த்தி ஒரு முக்கியக் காரணம். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் நீண்ட கால ஆதரவையும் சேர்த்து ஐந்து ஆண்டுகள் கிடைக்கின்றன. மாற்றத்தின்போது, நாம் கையால் திருத்தியிருக்கும் ஒரு அமைப்புக் கோப்பு எதிர்ப்பட்டால் நிறுவல் நின்று கேட்கும்: உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டவா என்று. வேறுபாட்டை வரி வரியாகப் பார்த்துவிட்டு நாம் பதில் சொல்லும் வரை அது காத்திருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் அப்படியே. டெபியன் 11 இலிருந்து 12 க்குப் போகும்போது தரவுத்தளத்தின் 13 ஆம் பதிப்பு தன் தரவோடு அப்படியே நிற்க, 15 ஆம் பதிப்பு பக்கத்தில் வந்து அமர்கிறது. தரவை எப்போது மாற்றுவது என்பது நம் விருப்பம்.

பழுது வரும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகிறது. எங்கள் உள்ளக மென்பொருள் ஒன்றில் சில பக்கங்கள் மட்டும் ஐந்து விநாடி தாமதித்துத் திறந்தன. பதிவுக் கோப்புகளில் பிழை எதுவும் இல்லை. ஒரு நிரல் இயங்குதளத்திடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை அந்த மென்பொருளின் மீது ஓட்டியபோது, அது ஒரு முகவரியின் 53 ஆம் போர்ட்டுக்கு, அதாவது பெயர்ச் சர்வருக்கான வாயிலுக்கு, கேள்வி அனுப்புவதும், 5,000 மில்லிவிநாடி காத்திருப்பதும், பதில் வராமல் அடுத்த முகவரிக்குப் போவதும் திரையில் வரிசையாக ஓடின. அந்த முகவரியில் இருந்த, கணினிப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் பெயர்ச் சர்வர் முன்பே அகற்றப்பட்டிருந்தது. ஏன் சரியாக ஐந்து விநாடி என்ற கேள்விக்கும் அமைப்புக் கோப்பின் கையேட்டிலேயே பதில் இருந்தது; காத்திருப்பின் இயல்பு மதிப்பு அதுதான். விண்டோஸிலும் பிராசஸ் மானிட்டர் போன்ற மிகச் சிறந்த கருவிகள் உள்ளன, நான் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் உள்ளே பார்க்க வழியில்லை. புகார் எண் பெற்று, கோப்புகளைச் சேகரித்து அனுப்பிக் காத்திருப்பதே மிச்சம்.

இவ்வளவு சொன்ன பிறகும், பயனர் கணக்கு மேலாண்மையை நான் லினக்ஸுக்கு மாற்றவில்லை. பயனர் கணக்குகளை ஓரிடத்தில் வைக்கும் விண்டோஸ் சர்வரின் ஆக்டிவ் டைரக்டரியும், கணினிகளுக்கான விதிகளை வகுக்கும் குரூப் பாலிசியும் ஓர் அலுவலகத்துக்குத் தரும் ஒழுங்குக்கு ஈடாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை. கடவுச்சொல் விதி, பிரிண்டர், பகிர்வு டிரைவ், யுஎஸ்பி தடை என எதுவானாலும் ஓரிடத்தில் எழுதினால் எல்லா மேசைக் கணினிகளுக்கும் போய்ச் சேருகிறது. விண்டோஸ் வலையமைப்போடு லினக்ஸைப் பேசவைக்கும் மென்பொருளான சம்பாவின் 4 ஆம் பதிப்பு 2012 இன் இறுதியில் வந்தது முதல், இந்தக் கணக்குகளையும் விதிகளையும் வழங்கும் டொமைன் கன்ட்ரோலராக லினக்ஸும் இயங்க முடியும். ஆனால் பாலிசிக் கோப்புகளை ஒரு கன்ட்ரோலரிலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி எடுக்கும் வேலையை அது தானாகச் செய்வதில்லை. கோப்புகளைப் பிரதி எடுக்கும் ஆர்சிங்க் கருவியைக் கொண்டு நாமே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தச் சுமையை நான் விடுப்பில் இருக்கும்போது யார் பார்ப்பது? கணக்கு மென்பொருளான டாலியும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. கணக்குப் பிரிவு இருக்கும் வரை விண்டோஸும் இருக்கும்.

பாதுகாப்பில் எந்தப் பக்கமும் பெருமை கொள்ள இடமில்லை. 2024 மார்ச் மாதம் லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் தொகுப்பில் மறைத்து வைக்கப்பட்ட பின்கதவு, தொலைவிலிருந்து சர்வருக்குள் செல்லும் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமானதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் வெளிப்பட்டது. அவர் பணியாற்றியது மைக்ரோசாஃப்டில். அதே ஆண்டு ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பழுதான ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றுள் பலவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) எழுப்பி அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இட்டவற்றுக்கு 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. அந்தச் சாவிகளை முன்கூட்டியே அச்சிட்டு வைப்பது எந்த இயங்குதள விவாதத்தையும்விட அவசரமானது.

இப்போது எங்கள் முன் இருப்பது விண்டோஸ் சர்வர் 2016. அதன் நீட்டித்த ஆதரவு 2027 ஜனவரி 12 அன்று முடிகிறது. டொமைன் கன்ட்ரோலர்கள் இரண்டுக்கும் புதிய பதிப்பின் உரிமமும், எல்லாப் பயனர்களுக்கும் அணுகல் உரிமமும் கேட்டுக் குறிப்பு அனுப்பியிருக்கிறேன். கோப்புச் சர்வரை மட்டும் டெபியன் 13 இல் சம்பாவை நிறுவி, அதே டொமைனில் உறுப்பினராகச் சேர்க்கப் பரிந்துரைத்துள்ளேன். அணுகல் உரிமம் டைரக்டரிக்காக எப்படியும் தேவைப்படுவதால் இதில் குறைவது கோர் உரிமச் செலவு மட்டுமே. அந்தத் தொகையைக் காப்புப் பிரதிகளுக்கான கூடுதல் வட்டுகளுக்குக் கேட்டிருக்கிறேன்.